மாதத்துக்கு ஒரு பெயர்

ஐந்து மணிக்கு எழும்புகிறேன். சுபஹ் தொழுகிறேன். தேநீர் ஊற்றிக் குடிக்கிறேன். முந்தைய நாள் ரொட்டி இருந்தால் சூடாக்குகிறேன். ஏழு மணிக்கு அக்குறணை பஸாருக்கு நடந்துபோய் அறையைத் திறக்கிறேன். சக்கர நாற்காலிகளைத் துடைத்து, டயர்களை அழுத்திப் பார்க்கிறேன். எட்டு மணிக்குக் கண்டி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போகிறேன்.

அறை என் மனைவி ரிப்கா தொடங்கியது. நாற்காலியைக் கதிரை என்பதால் ஊரில் அதற்குக் கதிரை அறை என்று பெயர். நோயாளி இருக்கும் வீடுகளுக்குச் சக்கர நாற்காலியை இலவசமாகக் கொடுப்போம். தேவை முடிந்ததும் திருப்பித் தருவார்கள். தேவை எப்படி முடிந்தது என்று கேட்பதில்லை. ரிப்கா இறந்து ஏழு மாதம். இப்போது நானும் செயலாளர் மர்சூக் நானாவும் பார்க்கிறோம்.

எங்களிடம் நாற்பத்து மூன்று நாற்காலிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் மௌத்தாகி மண்ணுக்குள் போன ஒருவரின் பெயர். நாற்காலி ஓடும்வரை நன்மை அவருக்குப் போய்ச் சேரும் என்பதால் எல்லோரும் நாற்காலிதான் தருகிறார்கள். டயருக்கோ வாடகைக்கோ எவரும் தருவதில்லை. நவம்பரில் அறைச் சொந்தக்காரர் ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் அறை ஒரு போன் கடைக்குப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை வட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வந்தது. ரிப்காவின் பெயர், ஒரு ரோஜாப் பூ. கீழே, ‘அன்னாரின் கடைசி விருப்பமான வசிய்யத்: கதிரை அறையை மூடிவிடாதீர்கள்.’ மர்சூக் நானா செய்தது. ஊரோடு சேர்த்து எனக்கும் அனுப்பியிருந்தார்.

மறுநாள் ஹார்ட்வெயார் கடை சாஹுல் ஹமீது ஹாஜியார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். காசோலைப் புத்தகம் மேசைமேல் இருந்தது.

“வசிய்யத்தென்டா நெறவேத்தத்தானே வேணும். ஆறு மாசத்தயும் நான் தாரேன். சும்மா கேக்குறேன் மவன், ரிப்கா புள்ள இப்பிடித்தானே சென்ன?”

“இல்ல ஹாஜியார்.”

மர்சூக் நானா இருமினார். “நுஸ்கிக்கு மனசு சரியில்ல ஹாஜியார்.”

“மனசு சரிதான்” என்றேன். “அவ அப்பிடிச் செல்லல்ல.”

ஹாஜியார் காசோலைப் புத்தகத்தை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். “அப்ப ஒரு வீல் செயார் தாரேன். எங்கட வாப்பாட பேருல.”

“நாப்பத்தி மூணு ஈக்குது. வெள்ளிக்கிழமைக்குப் பொறகு வெக்க அறையில்ல.”

“அப்ப வாப்பாட பேர எதுல போடுற?”

அதுவரை நான் அதை யோசித்ததில்லை.

“கதவுல” என்றேன். “ஒரு மாச வாடகயத் தந்தா அந்த மாசம் முழுக்கக் கதவுல வாப்பாட பேர். அந்த மாசம் வெளிய போற கதிர எல்லாம் அந்தக் கதவாலதான் போகும்.”

ஹாஜியார் என்னையே பார்த்தார். “நன்மய மாசத்துக்கு வாடகக்கி விடுறியா?”

“அறயத்தான் ஹாஜியார்.”

“எனக்கு ரமழான் வேணும்.”

“வாடக இங்கிலீஷ் மாசத்துக்கு. ரமழான் பாதி பெப்ரவரில, பாதி மார்ச்சுல.”

சுவரில் தொங்கிய அடுத்த வருடக் கலண்டரைப் புரட்டிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. “கள்ளப் பயல். ஒரு ரமழானுக்கு ரெண்டு மாசம் விக்கிற.”

“வாப்பாக்கு ஒண்டு, உம்மாக்கு ஒண்டு.”

லாச்சியைத் திறந்தார்.

ஹாஜியார் இரண்டு மாதம் எடுத்தார் என்று தெரிந்ததும் எதிர்க்கடைக்காரர் டிசம்பரைக் கேட்டார். வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்குள் மே மாதம்தான் மிச்சம். அதை மர்சூக் நானாவே தன் உம்மாவுக்காக எடுத்தார், மே மாதத்தில் மழை, ஆட்கள் வரமாட்டார்கள் என்று முறைப்பட்டுக்கொண்டே. வெள்ளிக்கிழமை காலையில் அறைச் சொந்தக்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டு வாங்கினேன்.

மர்சூக் நானா அறையில் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

“அந்த போஸ்டர அழிச்சிட்டேன். புதுசு அடிக்கணும். ரிப்கா கடைசியா மெய்யா என்ன சென்ன?”

“போஸ்டர்ல போட ஏலாது நானா.”

“செல்லுங்களே.”

சொன்னேன். ஆஸ்பத்திரி வாட்டில் பின்னேரம், நான் ஜன்னல் பக்கமாகக் கட்டில் ஓரத்தில் இருந்தேன். ரிப்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“கொஞ்சம் தள்ளி இரிங்க. காத்து வாறல்ல.”