மர்சூக் அன் சன்ஸ், பழ இறக்குமதியாளர்கள்

எங்கள் கடைப் பலகையில் இரண்டு பொய்கள் இருந்தன. ‘மர்சூக் அன் சன்ஸ், பழ இறக்குமதியாளர்கள்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். மூன்று மொழியிலும் அதே பொய்கள்தான். வாப்பா கல்யாணம் முடித்த கையோடு தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே கடை போட்டபோது எழுதுவித்த பலகை அது. அப்போது அவருக்கு இறக்குமதியும் இல்லை, மகன்களும் இல்லை. கொழும்புச் சந்தையில் வாங்கி லொறியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவருவதைத்தான் இறக்குமதி என்று சொல்லிக்கொண்டார். மகன்கள் விஷயத்தை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார். அல்லாஹ் என்னை அனுப்பினான், என்னோடு நிறுத்தியும் விட்டான்.

நான் நுஸ்கா. இப்போது இந்தக் கொம்பனியை நடத்துவது நான்தான். ஆனால் கொழும்பிலிருந்து வருகிற விற்பனை ஆள் ஒவ்வொருவனும் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, “மகன் இல்லையா?” என்று என்னிடமே கேட்பான். “மகன் மௌத்தாகிவிட்டார்” என்று ஒருவனிடம் சொல்லிவிட்டேன். பாவம், அவன் வாப்பாவிடம் போய்த் துக்கம் விசாரித்திருக்கிறான். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஏச்சை இங்கே எழுத முடியாது.

வாப்பாவைக் குறை சொல்லக்கூடாது. ஒரு கூடைத் திராட்சையைத் தோளில் வைத்துக்கொண்டு, பஸ் புறப்படுவதற்குள் யன்னல் யன்னலாக ஓடி விற்றவர் அவர். பிறகு கடை, பிறகு லொறி, பிறகு கூல் ரூம். கப்பலில் பழம் வராமல் போன வருசத்தில் ஊரே எங்களைப் பார்த்து இரக்கப்பட்டது. வாப்பா அசரவில்லை. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளின் பின்பக்கம் காய்த்துக் கிடந்த ரம்புட்டானையும் மங்குஸ்தானையும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பினார். மேலே ஏறும்போது மட்டும் நிறைந்திருந்த எங்கள் லொறி, அந்த வருசம் இறங்கும்போதும் நிறைந்து போனது. அந்தத் தைரியத்தில்தான் நானும் கேட்டேன்.

“வாப்பா, பலகைல ஈக்கிற சன்ஸை அழிங்க.”

“மொதல்ல இறக்குமதிய உண்மையாக்கு மகள். ஒன்ட பேர்ல ஒரு கண்டெய்னர் வரட்டும். அது அழுகாம வித்து முடியட்டும். அடுத்த நாளே நாகலிங்கத்தக் கூப்புடுறன்.”

நாகலிங்கம் அந்தப் பலகையை எழுதிய பெயிண்டர். இன்னும் உயிரோடு, தூரிகையோடு, வாயோடு இருக்கிறார்.

கண்டெய்னர் வந்தது. பாதி சிவப்பு அப்பிள், பாதி பச்சை அப்பிள். நான் கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சை அப்பிள்தான் சாப்பிடுவேன். அவ்வளவு நல்ல பழம். வாப்பா கூல் ரூம் கதவைத் திறந்து, ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். அவர் முகம் அப்பிளை விடப் பச்சையானது.

“இது காய்.”

“காய் இல்ல வாப்பா, பழுத்தாலும் இதுட நிறம் இதுதான்.”

“அது ஒனக்குத் தெரியும். அழகம்மாக்குத் தெரியுமா?”

அழகம்மா எங்கள் பழைய வாடிக்கைக்காரி. ஆனால் வாப்பா அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாத் தோட்டத்து ஆட்களையும் சேர்த்துச் சொல்கிறார் என்று அர்த்தம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். எங்கள் பகுதியில் அப்பிள் சாப்பிடுகிற பழம் அல்ல, கொண்டுபோகிற பழம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், பெண் பார்க்கக் கொண்டுபோவார்கள், சீர்த் தட்டில் ஸ்டிக்கர் மேலே தெரிகிறமாதிரி அடுக்குவார்கள். வாங்கியவர் சாப்பிடுவதில்லை. சில நேரம் பெற்றுக்கொண்டவரும் சாப்பிடாமல் வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோவார். அப்படியிருக்க, காய்ச்சல்காரனைப் பார்க்க யாராவது காயைத் தூக்கிக்கொண்டு போவார்களா? கல்யாணத் தட்டில் காயை வைத்தால் சம்பந்தி வீட்டில் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சு நிற்குமா?

சிவப்பு ஒரு கிழமையில் பறந்தது. பச்சை அசையவில்லை. ஓப்பநாயக்கவில் உள்ள கடைக்காரர் மாதிரிக்கு எடுத்த பெட்டியைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டார். “பழுத்த பொறகு அனுப்புங்க” என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தார். நான் வெட்டி வைத்துச் சும்மா கொடுத்துப் பார்த்தேன். ஆட்கள் ஒரு துண்டை வாயில் போட்டு, மரியாதைக்குச் சிரித்து, சிவப்பு இல்லையா என்று கேட்டார்கள். வாப்பா தினமும் காலையில் கூல் ரூமுக்குள் போய், வெளியே வந்து, பலகையை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்களிடம் பழம் தரம் பிரிக்கிறவள் துஷ்யந்தி. பக்கத்துத் தோட்டத்துப் பெண், வேலையில் கெட்டிக்காரி, வாயில் அதைவிட. கொஞ்ச நாளாகத் தோடம்பழப் பெட்டியைத் திறந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஒருநாள் பகல் அவளைத் தேடிக்கொண்டு போனால், பெட்டி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பெட்டி மூடியில் உப்பும் மிளகாய்த்தூளும் கொட்டி வைத்து, பச்சை அப்பிளைத் தொட்டுத் தொட்டுக் கடித்துக்கொண்டிருக்கிறாள். மாங்காய் சாப்பிடுகிற அதே வேகம்.

“அக்கா! கோவிச்சுக்காதீங்க. ஒண்ணுதான் எடுத்தேன்.”

அவள் காலடியில் கடித்து முடித்த அப்பிள் நடுத்துண்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன.

“துஷ்யந்தி, நீ...?”

“ஆமாங்கக்கா. இன்னும் மதுசன் வீட்டுலயே சொல்லல. எதத் தின்னாலும் வெளிய வருது. இது மட்டும்தான் உள்ள நிக்குது. அப்புடியே புளிப்பா, நறுக்குனு... இன்னொண்ணு எடுத்துக்கவா?”

“பெட்டியையே எடுத்துக்க” என்றேன். கத்தினேன் என்றே சொல்லலாம். என் மண்டைக்குள் பல்பு எரிந்தது. இத்தனை நாளாக நான் இந்தப் பழத்தை ஊரைச் சாப்பிட வைக்கப் பார்த்தேன். தேவைப்பட்டது அது இல்லை. கொண்டுபோக ஒரு வீடுதான் தேவைப்பட்டது.

மதுசன் அவள் புருசன், த்ரீவீலர் ஓட்டுகிறான். அவன் காதில் விழுகிற செய்தி இருட்டுவதற்குள் சுற்றியுள்ள எல்லாத் தோட்டத்துக்கும் போய்விடும். மனைவி நல்ல செய்தியைச் சொன்ன மறுநாள் அவன் கடைக்குள் வந்தபோது, கடதாசிப் பை நிறையப் பச்சை அப்பிள் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த சின்னப் பொட்டலம் ஒன்றும் உள்ளே வைத்துக் கொடுத்தேன்.

“இது மசக்கைக்காரவங்களுக்கு கொண்டுபோற பழம், மதுசன்.”

“அப்புடி ஒண்ணு இருக்காக்கா?”

“கொழும்புல எல்லாரும் இதத்தான் கொண்டுபோற.”

அது மூன்றாவது பொய். பலகையில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துஷ்யந்தியைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கடையில் இறங்கி, “அந்தப் பச்சப் பை ஒண்ணு குடுங்க” என்றார்கள். பிறகு அவர்கள் மருமகள்களுக்கு. பிறகு மருமகள்களின் தங்கச்சிகளுக்கு. ஒரு சிங்களப் பெண் வந்து, “அற கொள எப்பல் தியெனவாத?” என்று பச்சை அப்பிள் இருக்கிறதா எனக் கேட்டு, அக்காவுக்கும் நாத்தனாருக்குமாக இரண்டு பை வாங்கிப் போனாள். ஓப்பநாயக்க கடைக்காரர் தானே போன் எடுத்தார். பழுத்துவிட்டதா என்று கேட்டேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை, விலையை மட்டும் சொன்னேன்.

ஒரேயொரு கரைச்சல். பச்சைப் பையோடு கடையைவிட்டு இறங்குகிறவரை பஸ் நிலையமே கவனிக்கத் தொடங்கியது. ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் தனக்குப் புளிப்புப் பிடிக்கும் என்று ஒரு பை வாங்கிக்கொண்டு போக, சாரதிகள் எழுந்து நின்று வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய சம்சாரத்துக்குப் பேரப்பிள்ளையே கம்பஸ் போகிற வயது. அந்த அம்மா நேரே கடைக்கு வந்து என்னை ஏசிவிட்டுப் போனார்.

கண்டெய்னர் காலியானது. கடைசிப் பெட்டி விற்ற அன்றைக்கே வாப்பா நாகலிங்கத்துக்குச் சொல்லியனுப்பினார். மறுநாள் காலை அவர் ஏணி, பெயிண்ட் தகரம், பழைய வாய் எல்லாவற்றோடும் வந்து, ‘சன்ஸ்’மேல் வெள்ளையடித்தார். மூன்று மொழியிலும் என் அண்ணன் தம்பிமார் மறைந்தார்கள். எனக்குக் கொஞ்சம்கூடக் கவலையில்லை.

நான் எனக்கென்று ஒளித்து வைத்திருந்த பச்சை அப்பிளை எடுத்து, காசுமேசைக்குப் பின்னால் நின்று உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுக் கடித்தேன். ஏணியில் நின்ற நாகலிங்கம் பார்த்துவிட்டார். எதிரே த்ரீவீலரில் இருந்த மதுசனும் பார்த்துவிட்டான்.

“மொதலாளி,” என்று நாகலிங்கம் மேலிருந்தே குரல் கொடுத்தார். “நுஸ்கா பாப்பா பேருக்குப் பக்கத்துல இன்னும் கொஞ்சம் எடம் விட்டுவைக்கவா? பின்னால சேக்க வேண்டி வரும்போல தெரியுது.”

“எனக்குப் பசி!” என்று கத்தினேன். “பசி மட்டும்தான்! இந்த ஊர்ல ஒரு மனுசி அப்பிள் தின்ன ஏலாதா?”

தெருவே சிரித்தது. ரம்புக்கனை ஸ்டேஷனில் வேலை பார்க்கிற என் புருசனுக்கு அந்தச் செய்தி அடுத்த ரயிலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். வாப்பாவும் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பலகையில் வெள்ளையடித்த இடத்தைப் பார்த்தார்.

“எடம் விடத் தேவையில்ல நாகலிங்கம்,” என்றார். “ஒருதரம் பொறக்காத ஆக்கள்ட பேர எழுதினன். பொறந்தவ இவ்வளவு காலமும் அதுக்குக் கீழ நிண்டு யாவாரம் பார்த்தா. வாறவங்க வந்த பொறகு பார்ப்பம். இப்ப ஈக்கிறவட பேர எழுதுங்க. எடம் முழுக்க எழுதுங்க.”

எனக்கு அழுகை வந்தது. மிளகாய்த்தூள்மேல் பழியைப் போடலாம், வசதியாகக் கையிலேயே இருந்தது. போடவில்லை. கடை வாசலில் நின்று, வாயில் அப்பிளோடு, எல்லாரும் பார்க்க அழுதேன்.

நாகலிங்கம் தூரிகையைத் தோய்த்து ‘நு’வில் தொடங்கினார். வாப்பா தெருவுக்குக் குறுக்கே நடந்து, பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இங்க நிண்டா தெரியல்ல,” என்று அங்கிருந்து கத்தினார். “இன்னும் பெருசா!”