ஒன்பதாவது பட்டை

முதலில் துரோகம் செய்தவன் தவசிமுத்து. தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை என்பதற்காக அதைச் சொல்லாமல் விட முடியாது. வெயிலுகந்தானின் கல்யாண ஜமக்காளத்தில் ஒன்பது சிவப்புப் பட்டைகள் இருந்தன. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அதில் ஒன்றைத் தவசிமுத்து கைமாற்றாக வாங்கிக்கொண்டு போனான். போனது போனதுதான்.

அந்த ஊரில் பைபாஸ் சாலையைக் கடக்க அவரவர் பட்டையை அவரவர்தான் கொண்டுபோக வேண்டும். துணியிலிருந்து உரித்துத் தார்மேல் வரிசையாகப் போட்டால் வண்டிகள் நிற்கும். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் நுனியைப் பிடித்து இழுத்தால் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். உதறிவிட்டுத் துணியில் ஒட்டிக்கொள்ளலாம். கீற்று போட்டால் சைக்கிள் நிற்கும். கோட்டுக்கு ஆட்டோ நிற்கும். வரிக்கு டவுன் பஸ் நிற்கும். லாரி நிற்க வேண்டுமென்றால் நாலு விரல் அகலத்தில் பட்டைதான் வேண்டும். பைபாஸில் ஓடுவதோ முக்கால்வாசி லாரி. சாலையின் அகலம் ஒன்பது பட்டை. எட்டு இருந்தால் எட்டாவதில் நின்று எதிர்க்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம்.

தவசிமுத்துவின் சட்டைக் கையில் அப்போது இரண்டு பட்டைகள் இருந்தன. மூன்று இருந்தால் ஏட்டு. "ஒரே வாரம் மச்சான். ஏட்டு ஆனதும் சொந்தப் பட்டை வந்துரும்," என்றான். வெயிலுகந்தான் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர். இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனாலும் ஒன்பதில் ஒன்று போனால் எத்தனை என்பது தெரியும். தங்கை முகத்துக்காகக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி பூரணம், தன் சேலைப் பட்டைகளைப் போட்டு எதிர்ப்பக்கம் மல்லித்தழை வாங்கப் போனாள். கடையில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சாயம் கெட்டியில்லாத சேலை. பட்டைகள் கரைந்து ஓடையோடு போய்விட்டன. அவள் அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு இட்லிக்கடை போட்டாள். தினமும் காலையில் இருவரும் ஆளுக்கொரு கரையில் வந்து நிற்பார்கள். ஒருமுறை கை தூக்கினால் சாப்பிட்டாயிற்று. இரண்டு முறை தூக்கினால் காய்ச்சல். லாரிகளுக்கு இடைவெளி கிடைத்தால் ஒரு வாக்கியம் பேசுவார்கள். போன பங்குனியில் பேரன் பிறந்த செய்தியைச் சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது.

ஊரில் ஒரு பட்டை தர ஆளில்லாமல் இல்லை. பந்தல்காரர் தருகிறேன் என்றார். திருநீற்றுப் பட்டை போடும் பண்டாரம் நெற்றியைக் காட்டி, மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வெயிலுகந்தான் யாரிடமும் வாங்கவில்லை. வேறு பட்டை வந்துவிட்டால் தவசிமுத்து தர வேண்டியது இல்லை என்று ஆகிவிடும்.

வரும் திங்கட்கிழமை சாலையை அகலப்படுத்தப்போவதாகப் பலகை வைத்தார்கள். இனி இருபத்தொரு பட்டை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையோரம் போனார். அகலம் பார்க்கும் ஜெசிந்தா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஜமக்காளத்தின்மேல் நாலு விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எட்டும் பட்டைதான் பெரியவரே. ஒண்ணு குறையுது."

"ஒண்ணு வரும்."

"பதினோரு வருஷமா இதத்தான் சொல்லுதீரு. உக்காரும்."

பெஞ்சில் ஏற்கெனவே தவசிமுத்து உட்கார்ந்திருந்தான். ஓய்வு பெற்றபின் தினமும் அங்கேதான் இருப்பான். கையில்லாத பனியன் போட்டிருந்தான்.

"என் பட்டை எங்க மாப்ள?"

"அது ரிட்டையர் ஆயிட்டு மச்சான். பென்ஷன் வாங்குது. பென்ஷன் வாங்குறதக் கொண்டுவந்து ரோட்டுல போட்டா பென்ஷன நிப்பாட்டிருவாவ."

"நான் குடுக்கும்போது நல்லா உழைச்சிட்டிருந்த பட்டை."

"இப்பவும் நல்லாத்தான் இருக்கு. மத்தியானம் மட்டும் கொஞ்சம் தூங்கும்."

எதிர்க்கரையில் பூரணம் வந்து நின்றாள். கை தூக்கவில்லை. இடுப்பில் அரிசி டின் வைத்திருந்தாள். மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு பச்சைப் பட்டையை எடுத்து உதறினாள். கொசுவத்துக்குள் இருந்ததால் அன்றைய மழையில் நனையாமல் தப்பியது அது ஒன்றுதான்.

"இந்தா இருக்குல்லா ஒண்ணு," என்று கத்தினாள். நாலு லாரிகள் போயின. "இந்தப் பக்கத்துலேர்ந்து நான் போடுதேன். எட்டையும் போட்டுட்டு வாங்க."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

ஆறு லாரிகள் போயின.

"தவசி அண்ணன்தான் தரணும்னு நீங்கதான சொன்னீக."

அவர் ஜமக்காளத்தைத் தோளிலிருந்து இறக்கவில்லை. எட்டும் ஒன்றும் ஒன்பது. ஒன்பது ஆனால் போய்ச் சேர்ந்துவிடலாம். போய்ச் சேர்ந்துவிட்டால், குறை ஒன்றும் இல்லையே என்று தவசிமுத்து சொல்வான். இப்போதே அவன் முகத்தில் ஒரு தெளிவு வர ஆரம்பித்திருந்தது.

பூரணம் அதைப் பார்த்துவிட்டாள். "அவரு தர வேண்டியது அப்படியே கெடக்கட்டும்," என்றாள். ஒரு டேங்கர் லாரி போனது. "அது வேற, இது வேற. நீங்க வாங்க."

வெயிலுகந்தான் தவசிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியா?"

"கேட்டுச்சு."

"தரணுமா வேண்டாமா? ஜெசிந்தா முன்னால சொல்லு."

தவசிமுத்து பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். "தரணும்," என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் பதினோரு வருஷமாக நெஞ்சில் நின்ற மூட்டை ஒன்று இறங்கியது. வெயிலுகந்தான் எட்டுப் பட்டைகளையும் உரித்து ஒவ்வொன்றாகப் போட்டார். லாரிகள் நின்றன. ஓட்டுநர்கள் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். எட்டாவதில் நின்றார். பூரணம் குனிந்து பச்சைப் பட்டையைச் சேர்த்துப் போட்டாள். அதன்மேல் கால் வைத்தார். மெத்தென்று இருந்தது. அரிசி வாசனை வந்தது.

"மெலிஞ்சுட்டீக," என்றாள்.

"அந்தப் பக்கத்துல இருந்து பார்த்தா நீயும் மெலிஞ்சுதான் தெரிஞ்ச."

"இப்ப?"

"இப்ப இல்ல."

பட்டைகளை இழுத்துச் சுருட்டிக்கொண்டு போய் வயிறு நிறைய இட்லி தின்றார். பகல் முழுக்கத் தூங்கினார். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை.

மறுநாள் சொன்னபடி சாலையை அகலப்படுத்தினார்கள். எதிர்க்கரை பன்னிரண்டு பட்டை தள்ளிப் போனது. வெயிலுகந்தான் காலையிலேயே இட்லிக்கடை நாற்காலியைச் சாலையோரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது. அந்தப் பக்கம் மேசைக்கு முன்னால் ஒரு புலி நின்றது. ஜெசிந்தா அதன் முதுகில் விரலை வைத்து, ஓர் இடம் விடாமல் பார்த்தாள்.

"இதெல்லாம் வரி. டவுன் பஸ்தான் நிக்கும். போய் உக்காரு."

புலி பெஞ்சுக்குப் போனது. தவசிமுத்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான்.

லாரிகளுக்கு நடுவில் இடைவெளி வரும்வரை வெயிலுகந்தான் காத்திருந்தார்.

"மாப்ள, என் பட்டை."

தவசிமுத்து கை தூக்கினான். புலியும் தூக்கியது.