சட்டிப் பாட்டு

எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் துரைராஜுக்கு நூறு பாட்டு மனப்பாடம். எல்லாம் அவனே கட்டியவை. நாற்பது வயதுக்கு மேல் பஸ் போர்டைக் கூட்டிக் கூட்டி எழுத்துப் பழகி, அத்தனையையும் ஒரு கோடு போட்ட நோட்டில் ஏற்றி வைத்தான். இனி ஒன்றும் தொலையாது என்று நிம்மதியாகத் தூங்கினான். எழுத்து வார்த்தையைத்தான் பிடித்து வைக்கும், மெட்டு சல்லடையில் ஊற்றிய தண்ணீர் என்று அவனுக்கு யார் சொன்னது?

அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அன்புக்கரசி எதிரே உட்கார்ந்திருந்தாள். மயிலாப்பூர் சந்து ஒன்றில் எழும்பிக்கொண்டிருந்த வீட்டுக்குத் துரைராஜ் பகல் காவல். இடுப்பு விட்டுப்போன கட்டட வேலைக்காரனுக்கு வேறென்ன கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை. வேலையாட்கள் இல்லை. தி. நகர் துணிக்கடையில் லீவு கேட்டு வாங்கி அவள் வந்திருந்தாள்.

"மாமா, நீ வார்த்தைய ஒப்பிக்கிற. நான் பாடுன்னு கேட்டேன்."

"தொண்டையிலதான் கீது பாப்பா. வர மாட்டேங்குது."

"இன்னா மாமா, அடைச்ச பைப்பு மாதிரி சொல்ற? குச்சி வுட்டுக் குத்தவா?"

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. அவளுடைய அம்மா வேலம்மா செத்து நாளைக்கு முப்பதாம் நாள். துரைராஜோடு வேலை செய்த அப்பன் வெள்ளைச்சாமியோ இவள் வயிற்றில் இருக்கும்போதே சாரத்திலிருந்து விழுந்து போனவன். ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாத மனுஷன். அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைக்க ஒன்றுமில்லை. சாமி என்று அவன் பெயர் வரும் பாட்டு ஒன்று உண்டு. அதையாவது செல்போனில் பிடித்துக்கொண்டு போய் நாளைக்குப் போட வேண்டும் என்று கிடந்து தவித்தாள்.

"மூஞ்சி தெரியாத அப்பனுக்குப் பாட்டாவது இருக்கட்டும் மாமா. உன்ன வுட்டா எனக்கு யாரு கீறாங்க?"

துரைராஜ் தண்ணீர் டிரம்மைத் தட்டிப் பார்த்தான். காது குத்துக்குக் கட்டியது வந்தது. சாவு வீட்டில் பாடியது வந்தது. மழை வெள்ளத்தில் குடிசை போனபோது, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பசியோடு கட்டிய பாட்டுகூட அழைக்காமலே வந்து நின்றது. இது மட்டும் வரவில்லை.

இருபத்தாறு வயதில் கட்டிய பாட்டு அது. பாண்டி பஜார் பக்கம் ஒரு கடைக்கு மாடி எழும்பிய நேரம். கலவைச் சட்டி கீழிருந்து சாரத்தின் மேல்வரை கை மாறிக் கை மாறிப் போகும். எல்லார் கையும் ஒன்றாக எழும்பவே பாட்டு. பாட்டு தவறினால் சட்டி தவறும்.

"அந்தச் சட்டிய எடு. அரைச் சட்டி மண்ணு போடு," என்றான் திடீரென்று.

"இன்னாத்துக்கு?"

"போடு சொல்றேன்."

கைப்பிடிச் சுவர் இல்லாத படிக்கட்டில் நாலு படி ஏறி நின்றான். அன்புக்கரசி செல்போனை சிமெண்ட் மூட்டைமேல் சாய்த்து வைத்துவிட்டு, சட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். குனிந்து வாங்கி, திரும்பி, மேலே கொட்டினான். இடுப்பில் கடப்பாரை இறங்கியது போல வலித்தது. இரண்டாவது சட்டி. மூன்றாவது. நான்காவது வாங்கக் கை நீட்டியபோது வாய் தானே திறந்துகொண்டது.

"சட்டி வருது சட்டி வருது சாமி கைய நீட்டு
எட்டிப் பாத்தா கடல் தெரியும் எனக்கும் கொஞ்சம் காட்டு..."

"அதான்! அதான் மாமா!" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்கம்மா முணுமுணுக்கிற மெட்டு இதான்!"

துரைராஜின் கை அந்தரத்தில் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட? அம்மாவும் இங்கதான் நிறுத்திடும். மீதி மெட்டு எப்பிடின்னு கேட்டா, 'துரை மாமாவக் கேளு, அவரே சொல்லட்டும்'னு சொல்லும்."

துரைராஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வெள்ளைச்சாமி விழுந்த அன்றைக்கு வேலம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு கீழே சட்டி நிரப்பிக்கொண்டிருந்தாள். பாட்டு முழுதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. தெரிந்தேதான் இருபத்தேழு வருஷம் இவனை வீட்டுக்குள் விட்டு, தட்டில் சோறும் போட்டிருக்கிறாள்.

"பலகை வழுக்கிச்சுன்னு சொல்லிக்கினு கீறாங்களே, அது பொய் பாப்பா. அடுத்த அடிய வேகமாப் பாடிப் பாக்கலாம்னு எனக்கு ஒரு ஆசை. புதுசா ஒரு மெட்டு தோணிச்சு. யார்கிட்டயும் சொல்லல. பாட்டோட என் கையும் முந்திக்கிச்சு. உங்கப்பன் பழைய தாளத்துல நின்னுகினு இருந்தான். சட்டி முன்னாடியே வந்துடுச்சேன்னு எட்டிப் புடிச்சான்..."

சந்தில் ஒரு ஆட்டோ திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் உறுமிவிட்டுப் போனது.

அன்புக்கரசி சட்டியை மார்போடு அணைத்தபடி நின்றாள். திட்டுவாள், அடிப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"பாடு," என்றாள்.

"எத?"

"வேகமாப் பாடினியே, அத. எங்கப்பா கடைசியாக் கேட்டது அதான?"

"ஐயோ, வாணாம்மா."

"பாடு மாமா."

கையை நீட்டினான். "சட்டியக் குடு. அது இல்லாம வராது."

"தர மாட்டேன். சும்மா பாடு."

வெறுங்கையோடு எழுந்து நின்றான். மூச்சிரைத்தது. கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான்.

"அஞ்சு மாடி ஏறு முன்னே அரும்பு மீசை நரைக்கும்
கட்டி முடிச்சா காவக்காரன் கண்ணு நம்மள மொறைக்கும்..."

வேகம் எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறியது. ஓரிடத்திலும் மெட்டு தவறவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கத் தைரியம் இல்லாமல், அதையே மறுபடியும் முதலிலிருந்து பாடினான்.