சலவைக் கடைச் சுவத்துல ஒட்டின தாள்

எனக்குக் கோபம் வந்தா சீக்கிரம் அடங்காது. முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் என்னைப் பொறுமைசாலின்னு நெனச்சுடக் கூடாது.

நான் படிப்பு விசாவுல வெளிநாடு வந்தவ. காலேஜ் நடக்கறப்ப வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை பாக்கலாம். மீறினா விசா போயிடும். காலேஜ் நூலகத்துல புத்தகம் அடுக்கறதுக்கே பதினெட்டு மணி நேரம் சரியாப் போச்சு. ஆனா தங்கினது பெரியம்மா வீட்ல. மாடியில வீடு, கீழே பெரியப்பாவோட சலவைக் கடை. ஹோட்டல் படுக்கை விரிப்பு அத்தனையும் தேய்ச்சு மடிக்கறது என் தலையில விழுந்துச்சு.

"உனக்கு நான் சம்பளமா குடுக்கறேன்? சொந்தக் கடையில கூடமாட ஒத்தாசை பண்றது எப்படிம்மா வேலையாகும்?" இது பெரியப்பா. முதுகலை படிக்கிற கழுதை, நானும் நம்பினேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒன்றரை வருஷம்.

யார் எப்போ மிஷின்ல நிக்கணும்னு பெரியம்மா வாராவாரம் தமிழ்ல கட்டம் போட்டு எழுதி, கடைச் சுவத்துல ஒட்டுவாங்க. முக்கால்வாசிக் கட்டத்துல 'சின்னவ'ன்னு இருக்கும். அது நான்தான். அவங்க பொண்ணு பெரியவ, கல்யாணம் ஆகிப் போயிட்டா. அவ நின்ன இடத்துல என்னை நிக்க வெச்சாங்க, அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை, காலேஜ்ல விசா விஷயம் பாக்கற மேடம்கிட்ட வேற எதுக்கோ போனேன். பேச்சுவாக்குல கடையைப் பத்திச் சொன்னேன். அவங்க பேனாவைக் கீழே வெச்சுட்டாங்க. சம்பளம் வாங்கலன்னாலும் வேலை வேலைதான், சொந்தக்காரங்க கடையும் கணக்குல சேரும்னாங்க.

"உடனே நிறுத்திட்டு, நடந்ததை எங்கிட்ட எழுதிக் குடு. தெரியாம செஞ்ச தப்புன்னா வழி பாக்கலாம். பொய் சொல்லி மாட்டினா யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

வீட்டுக்கு வந்து சொன்னா பெரியப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார். "வீட்டு வேலை செய்யவும் விசா வேணுமாடி?" எழுதிக் குடுக்கப் போறேன்னதும் சிரிப்பு நின்னுச்சு. "சோறு போட்ட வீட்டையே காட்டிக் குடுக்கறியா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் நில்லு, வேற ஆளைப் புடிச்சுடறேன்." பெரியம்மா மூஞ்சியைப் பாத்து சரின்னுட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

வியாழக்கிழமை மத்தியானம் தொழிலாளர் அதிகாரி வந்து நின்னார். விரிப்பும் கையுமா நான். யாரிதுன்னு கேட்டார். பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கல. "எங்க வீட்டுப் பொண்ணு சார், படிக்கிறா. சம்பளமே வாங்காம உதவறா!"

"எவ்வளவு நேரம்?"

"எப்பவாவது. பொழுது போகலன்னா வருவா."

அதிகாரி கண்ணு சுவத்துக்குப் போச்சு. அவருக்குத் தமிழ் தெரியாது. கட்டத்துக்குக் கட்டம் ஒரே எழுத்தா இருக்கே, என்னன்னு படிச்சுச் சொல்லுன்னு என்கிட்ட கேட்டார்.

பெரியப்பா பல்லைக் காட்டிக்கிட்டே தமிழ்ல சொன்னார்: "பெரியம்மா பேருன்னு சொல்லு. மாத்திச் சொன்னே, இன்னிக்கே பெட்டியைக் கட்டிடணும்."

நான் பெரியம்மாவைப் பாத்தேன். அவங்க தரையைப் பாத்தாங்க. விசா போனா படிப்பு போச்சு, ஊர்ல அம்மா கண்ட கனவெல்லாம் போச்சு.

"அது நான்தான் சார். வாரத்துக்கு முப்பது மணி நேரத்துக்குக் குறையாது. தப்புன்னு செவ்வாய்க்கிழமைதான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் ரெண்டு நாள் நின்னேன்."

பெரியப்பா அந்த நிமிஷமே பல்டி அடிச்சார். "நாங்க வேண்டாம்னுதான் சொன்னோம் சார், அவளாத்தான் வந்து நிக்கறா!" அடப்பாவி மனுஷா! அப்போ இந்தக் கட்டம் போட்டது யாருன்னு அதிகாரி கேட்டார். தாளைப் போட்டோ எடுத்துக்கிட்டு, கடைக்கு நோட்டீஸ் எழுதிக் குடுத்தார். விசா நிக்குமா போகுமான்னு மேலே முடிவு பண்ணுவாங்க, நீயா உண்மையைச் சொன்னேன்னும் எழுதறேன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனார்.

அவர் தலை மறைஞ்சதும் பெரியப்பா கத்தினார். "நன்றி கெட்ட நாயே, வெளியே போ!"

"போறேன். நீங்க சொல்லி நான் செய்யற கடைசி வேலை இதுதான்."

பெட்டியோட இறங்கி வந்தேன். பெரியம்மா பின்னாடியே வந்தாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. எங்கடி போவேன்னு ஒரு வார்த்தை கேப்பாங்கன்னு நின்னேன். சத்தியமா அதுக்காகத்தான் நின்னேன்.

"நாளைக்குக் காலையில ஹோட்டல் விரிப்பு வந்துடுமே, யாருடி தேய்ப்பா?"

கவுண்டர்ல கிடந்த பேனாவை எடுத்தேன். வெள்ளிக்கிழமைக் கட்டத்துல 'சின்னவ'ளை அடிச்சுட்டு 'பெரியப்பா'ன்னு எழுதினேன். சனிக்கிழமைக்கும் ஞாயித்துக்கிழமைக்கும் எழுதிட்டுத்தான் கிளம்பினேன்.