வால்வெள்ளி நின்ற கூரை

கண்ணாடிக் கடைக்காரி செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான்: வருங்கால மாமனாருக்குக் கண் தெரிய வைத்தாள்.

உலகத்தைப் புகைமூட்டமாகவே பார்த்துப் பழகிவிட்ட அந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்குத் தன் கையாலேயே வில்லை தேய்த்து, மூக்கை அழுத்தாதபடி சட்டத்தை வளைத்து, கல்யாணப் பரிசாக அணிவித்தாள். மனிதர் பூரித்துப்போனார். வீடு திரும்பினார், மாலையில் மொட்டைமாடிக்கு ஏறினார், மேற்கே பார்த்தார். ஊரே ஒரு வாரமாக வேடிக்கை பார்த்த வால்வெள்ளி அவர் கண்ணில் அன்றுதான் பட்டது. பட்டதோடு விட்டதா? சரியாக மணப்பெண் வீட்டுக் கூரைமேல் அல்லவா நின்றது!

மறுநாள் பொழுது சாயும்போது கடைக்கே வந்துவிட்டார்.

“கல்யாணத்தைத் தள்ளி வைப்போம்மா.”

“எதுவரைக்கும் மாமா?”

“அது தொலையற வரைக்கும். வாலைத் தூக்கிக்கிட்டு உன் வீட்டு மேலயே உக்காந்திருக்கு. பளிச்சுனு தெரியுது. கண்ணாடி அருமை, அதுல குறையே சொல்ல மாட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு ஒருபக்கம், கலக்கம் ஒருபக்கம். ஞாயிற்றுக்கிழமை திருமணம். மணமகனோ அப்பாவுக்கு எதிரில் வாய் திறந்தறியாத தங்கம். பேச வேண்டியவள் அவள்தான்.

“மாமா, அது வெறும் பனிக்கட்டியும் தூசியும். சூரியன் பக்கத்துல வந்ததும் சூடாகி வால் விடுது. கோடிக்கணக்கான மைலுக்கு அந்தாண்ட இருக்கு. அதுக்கு என் வீட்டு விலாசம் எப்படித் தெரியும்?”

“தெரியாமலா வந்து நிக்குது? முப்பது வருஷம் தபால் கொடுத்தவன்கிட்டயே விலாசம் பேசறியா?”

அறிவுக்கு மசியாத அச்சத்தை நடக்கவிட்டு மசிய வைப்பதென்று முடிவுகட்டினாள். கடைக் கதவை இழுத்துப் பூட்டினாள்.

“வாங்க, எங்க வீட்டு வாசல்லயே நின்னு பார்த்துடலாம்.”

மேற்கு நோக்கி நடந்தார்கள். அவள் வீட்டு வாசலில் நிமிர்ந்து பார்த்தால், வால்வெள்ளி அங்கில்லை! தெருக்கோடிச் சாயப்பட்டறையின் புகைபோக்கிமேல் நின்றது.

“உள்ள வாங்க சம்பந்தி,” என்றாள் அவள் அம்மா.

“இருங்கம்மா, அது நகர்ந்துடுச்சு!” என்று வேட்டியை மடித்துக் கட்டினார் கிழவர்.

சாயப்பட்டறைக்குப் போனால் அது இன்னும் தள்ளி ஒரு மாடிவீட்டின்மேல் நின்றது. வீட்டை அடையாளம் கண்டதும் கிழவரின் முகம் மலர்ந்தது. ஒருநாள் விடுப்புக்கு நூறு கேள்வி கேட்டு அவரைக் காலமெல்லாம் வறுத்தெடுத்த போஸ்ட்மாஸ்டரின் வீடு அது.

“அடடா! இவன் வீட்டுக்குத்தான் வந்திருக்கு! நான்தான் தப்பா நினைச்சுட்டேன். ஞாயிற்றுக்கிழமையே கல்யாணம், போம்மா, வேலையைப் பாரு!”

வாயை மூடிக்கொண்டிருந்தால் திருமணம் உறுதி. அவள் நெஞ்சும் அதையே கெஞ்சியது. ஆனால், தன் கூரையில் நின்ற பழியை இன்னொருவன் கூரைக்கு ஏற்றிவிட்டு வாங்குகிற சம்மதமும் ஒரு சம்மதமா? நாளை வானத்தில் வேறொன்று முளைத்தால், இதே விரல் மறுபடி யாரை நோக்கி நீளும்?

“இன்னும் கொஞ்சம் நடங்க மாமா.”

“எதுக்கு? அதான் முடிஞ்சுதே!”

“முடியல. நடங்க.”

முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். போஸ்ட்மாஸ்டர் வீட்டு வாசலை எட்டியபோது வால்வெள்ளி அதையும் கைவிட்டிருந்தது. அப்பால் விரிந்த வெட்டவெளியின்மேல், எவன் கூரையையும் சட்டை செய்யாமல், சாவதானமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

கிழவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அப்ப... இந்தப் படுபாவிக்கும் இல்லையா?”

“இல்ல மாமா.”

“நமக்கும் இல்ல?”

“யாருக்குமே இல்ல.”

பெரிய ஏமாற்றம்தான். ஆனாலும் பெருமூச்சு ஒன்றோடு அதை விழுங்கினார். “சரி, ஞாயிற்றுக்கிழமையே நடக்கட்டும். இவ்வளவு தூரம் வந்துட்டோம், இந்த ஆளையும் அழைச்சுட்டே போயிடலாம்,” என்று கதவைத் தட்டினார்.

போஸ்ட்மாஸ்டர் கதவைத் திறந்து, பழைய ஊழியரை ஏற இறங்கப் பார்த்தார். “நீயா? என்னய்யா விஷயம்?”

“மகன் கல்யாணத்துக்கு அழைக்க வந்தேன் சார். தைரியமா வாங்க. உங்க வீட்டு மேல ஒண்ணும் இல்ல, நானே நேர்ல வந்து பார்த்துட்டேன்.”