‘என்னங்க’ ஏலத்தில் போனது

இணைய முகவரிகளின் கடைசியில் டாட் காம், டாட் இன் என்று ஒட்டும் வால்கள் தீர்ந்துபோய்விட்டன. அதனால் வீட்டுக்குள் கூப்பிடும் சொற்களையும் ஏலத்தில் விட ஆரம்பித்தார்கள். ‘என்னங்க’வைச் சாம்பல் நிறச் சஃபாரி போட்ட ஒருவர் எடுத்தார்.

திண்டுக்கல் வைத்தியலிங்கத்துக்கு இதன் ஆபத்து முன்பே தெரியும். நூல் மில்லில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மில்லுக்குள் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு வாய்க்கு வந்த வாலை ஒட்டி அவரே பெயர் வைத்திருந்தார். வெளியே யாரிடமும் அந்த வால் இல்லை, பிறகு எதற்குப் பதிய வேண்டும் என்று இருந்துவிட்டார். ஒருநாள் வெளியே ஒருவர் அதே வாலை முறைப்படி வாங்கினார். அன்றிலிருந்து மில்லின் சம்பளப் பட்டியல் எங்கோ ஒரு சைக்கிள் கடைக்குப் போக ஆரம்பித்தது. கடைக்காரர் நல்ல மனுஷன். எல்லோருக்கும் போனஸ் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்.

வீட்டிலும் அதே அலட்சியம்தான். கல்யாணமானதிலிருந்து மனைவி சுகந்தி அவரை ‘என்னங்க’ என்றுதான் கூப்பிடுகிறாள். பெயரை வாயால் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டால் ஆதார் அட்டையை நீட்டுவாள். வீட்டுக்குள் இருப்பது ஒரே ஒரு ‘என்னங்க’, குழப்பம் எங்கிருந்து வரும்?

முதலில் சோதனைக் காலம் என்று ஒன்று விட்டார்கள். அப்போது கூப்பிட்ட குரல் கூப்பிட்டவருக்கே திரும்பி வரும். சுகந்தி அடுப்படியிலிருந்து என்னங்க என்பாள். உடனே கரண்டியை வைத்துவிட்டு அவளே ஹாலுக்கு வருவாள். வந்த வேகத்தில் அடுப்படிக்குத் திரும்பி, என்ன வேணும் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். கூப்பிடும் சொல்லை மாற்றுங்கள் என்பதற்கான எச்சரிக்கை அது. வைத்தியலிங்கம் அதைப் புரிந்துகொண்டார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

சோதனைக் காலம் முடிந்த அன்று காலையில் சுகந்தி கூப்பிட்டாள். வைத்தியலிங்கம் எழுந்தார். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே இருந்த வழி நீண்டுகொண்டே போனது. திரும்பி வந்து செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தார். போய்ச் சேர்ந்தபோது சஃபாரிக்காரர் கேஸ் சிலிண்டரை மாற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“யாருங்க நீங்க?”

“என்னங்க.”

“அது நான்.”

“பதிஞ்சிருக்கீங்களா?” என்று அந்த ஆள் மரியாதையாகக் கேட்டார்.

வைத்தியலிங்கம் வந்த வழியே ஹாலுக்கு நடந்தார்.

அந்த ஆள் மோசமானவராக இருந்திருந்தாலாவது பரவாயில்லை. ஊரில் அத்தனை வீட்டுக்கும் அவர்தான் ஓட வேண்டும். ஆனாலும் முதல் கூப்பாட்டுக்கே வந்து நின்றார். பரண் மேலிருந்த குண்டானை இறக்கினார். சுகந்தி சீரியல் கதையைச் சொன்னால் கடைசிவரை கேட்டார். வைத்தியலிங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டையைப் போடுவார், கழற்றுவார், மறுபடியும் போடுவார். தன்னை யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஏக்கமாக இருந்தது. உப்பு வாங்கி வரச் சொல்லியாவது கூப்பிடலாமே.

ஏலம் விட்ட பெயர்க் குழுவின் கிளை அலுவலகம் பஸ் ஸ்டாண்டு மாடியில் இருந்தது. படியேறினார். படிகள் அவருடைய வீட்டு மொட்டைமாடியில் போய் முடிந்தன. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் மேசை போட்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுச் சொல்லை வெளியாளுக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று வைத்தியலிங்கம் சண்டைக்குப் போனார்.

“வீட்டுச் சொல் வீட்டுக்குள்ளயே நின்னிருந்தா எங்களுக்கு எப்படி சார் தெரியும்?” என்றார் அந்த அம்மா.

பிறகு விளக்கினார். வீட்டுக்குள் பதில் கிடைக்காத கூப்பாடு எல்லாம் வாசலைத் தாண்டி இவர்களிடம் வந்து சேருமாம். அப்படி யாரும் இல்லை என்று இத்தனை வருஷம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். இந்தச் சொல்லுக்கு இவ்வளவு கிராக்கி என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். அதிகமாக வந்தது இந்த வீட்டிலிருந்துதானாம்.

“பேப்பர் படிச்சிட்டு இருந்திருப்பேன்.”

“இருந்திருப்பீங்க.”

வழி ஒன்றுதான் இருந்தது. மனைவி முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், இனிஷியலோடு. அது வேறு யாருக்கும் போகாது.

வைத்தியலிங்கம் கீழே இறங்கி வந்து சுகந்தியிடம் கெஞ்சினார். அவள் ரொம்ப நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“பேரைச் சொன்னா யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்குமே.”

“ஒரு தடவை சொல்லிப் பாரேன்.”

“அந்த ஆள் எல்லா வேலையும் செய்றாருதான். ஆனா நான் கோவிச்சுக்கிட்டா திருப்பிக் கோவிச்சுக்க மாட்டேங்கிறாரு. எனக்கு நீங்கதான் வேணும்.”

இதைச் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. வைத்தியலிங்கத்துக்கும்தான். அவள் அடுப்படிக்குப் போனாள். அவர் ஹாலின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

“சோ. வைத்தியலிங்கம்.”

குரல் எங்கும் வழிதவறாமல், பேங்கில் பெயர் கூப்பிடுவது போல நேராக வந்தது. சஃபாரிக்காரர் வரவில்லை. வைத்தியலிங்கத்தின் கை தன்னால் சட்டைப் பைக்குள் போய் டோக்கனைத் தேடியது. அவசரமாக நடந்து அடுப்படி வாசலுக்குப் போனார்.

“எந்தக் கவுன்ட்டருங்க?”

சுகந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். யாரோ வயசான மனுஷன், தனியாக வந்திருக்கிறார் போல என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

“அங்க உட்காருங்க. கூப்பிடுவாங்க,” என்றாள்.

வைத்தியலிங்கம் ஹாலுக்குத் திரும்பினார். சோபாவில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.