புதன்கிழமை ஜன்னல்

ஒரு நாகரிகத்தின் ஆன்மா அதன் பழைய தெருக்களில் உறைந்து நிற்கிறது. இதைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை கருங்கல்லில் வெட்டி, துணைவேந்தரை அழைத்துத் திரை விலக்கி, தெருமுனையில் நட்டு வைத்திருந்தது. நட்ட இரண்டாம் நாளே கல்லின்மேல் மூன்று சைக்கிள்கள் சாய்ந்துகொண்டன. நாகரிகம் வரை படிக்க முடிந்தது. ஆன்மாவைப் பெடல் மறைத்தது.

தெருவுக்கு இருநூறு வயது என்பார்கள். ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் வீடுகள். மாடியை ஆய்வு மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, கீழே சுவர் ஈரத்தோடு சொந்தக்காரர்கள் குடியிருந்தார்கள். ஓர் ஆணி அடிக்க வேண்டுமானாலும் பாரம்பரியக் குழுவுக்கு மூன்று பிரதிகளில் மனுப் போட வேண்டும். குழு கூடி முடிவெடுப்பதற்குள் மாட்ட வேண்டிய படத்தில் இருந்தவருக்கே மாலை போடும்படி ஆகிவிடும்.

ஏழாவது வீட்டில் டைப்பிஸ்ட் அக்கா இருந்தாள். வயது ஐம்பத்திரண்டு. ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, அடிக்குறிப்புகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது தொழில். முந்நூற்றுச் சொச்சம் முனைவர் பட்டங்கள் அவள் விரல் வழியாகப் போயிருந்தன. ஒன்றுகூட அவளிடம் தங்கவில்லை. கூட இருந்தது அப்பா மட்டும்தான். தேர்வுப் பிரிவில் விடைத்தாள் கட்டுகளுக்கு அரக்கு வைத்து ஓய்வு பெற்றவர். எண்பத்து மூன்று வயதில் அவருடைய ஞாபகம் கட்டுக் கட்டாக அவிழ்ந்து போய்க்கொண்டிருந்தது.

புதன்கிழமை தோறும் நான்கு மணிக்கு ஒரு பேராசிரியர் மாணவர்களை ஓட்டிக்கொண்டு வருவார். நிழலிலும் தொப்பியைக் கழற்றாததால் தெருவில் அவருக்குத் தொப்பி என்றே பெயர். ஏழாவது வீட்டுக்கு எதிரே நின்று, இடுப்பில் கட்டிய ஒலிபெருக்கியில், இந்த ஜன்னலருகே அமர்ந்துதான் அகராதி அறிஞர் பத்தொன்பது ஆண்டுகள் சொற்களைத் தொகுத்தார் என்று முழங்குவார். நாற்பது தலைகள் ஜன்னலைப் பார்க்கும். அங்கே அப்பா உட்கார்ந்திருப்பார். கையாட்டுவார். அவரை அறிஞரின் வாரிசு என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகளும் கையாட்டுவார்கள். தொப்பி அதை மறுத்ததில்லை.

டைப்பிஸ்ட் அக்காவுக்கு இது பற்றிக்கொண்டு வந்தது. ஒலிபெருக்கி அலறினால் அடிக்குறிப்பு எண் தப்பிப்போகிறது. கொடியில் காயும் உள்பாவாடையைப் படம் பிடிக்கிறார்கள். இரண்டு வருடத்தில் பதினொரு புகார்க் கடிதங்கள் எழுதினாள். ஒவ்வொன்றிலும் முன்னுரை, முடிவுரை, பின்னிணைப்பு. ஒன்பதாவது கடிதத்தில் ஒலிபெருக்கி கத்திய நேரங்களுக்கு அட்டவணையே போட்டிருந்தாள்.

பல்கலைக்கழகம் புகாரை ஏற்பது அதன் கௌரவத்துக்குக் குறைவு. அதனால் ஒரு குழு போட்டது. குழு நான்கு மாதம் ஆராய்ந்து, அறிஞர் வாழ்ந்தது ஏழாவது வீடு அல்ல, தெருவின் மறுகோடியில் இப்போது ஜெராக்ஸ் கடை இருக்கும் வீடுதான் என்று கண்டுபிடித்தது. தொப்பி அந்தப் பக்கமாகவே வந்து அந்தப் பக்கமாகவே திரும்பிப் போனார். தெருவின் இந்தக் கோடியில் அமைதி நிலவியது.

முதல் புதன்கிழமை அப்பா இரண்டு மணிக்கே தயாராகிவிட்டார். முகம் மழித்து, சட்டைப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டு, ஜன்னலருகே. இருட்டுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. “லேட்டாகுது போல,” என்றார். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது புதன் அவர் சவரக் கத்தியைக் கேட்கவில்லை. குளிக்கவில்லை. ஊட்டிய சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாரத்தில் ஆறு நாள் அவர் எங்கேயோ இருந்தார். புதன்கிழமைக்குத் திரும்பி வந்தார். அன்றைக்கு அவராகச் சாப்பிட்டார், முழு வாக்கியமாகப் பேசினார். புதன் அப்பாவுக்கு நல்ல நாள் என்று அவள் கவனித்திருந்தாள். ஏன் என்று கேட்டுப் பார்க்கவில்லை. முந்நூறு ஆய்வேட்டில் காரண காரியத்தைத் தட்டச்சு செய்தவள்.

மறுநாள் வரலாற்றுத் துறைக்குப் போனாள். தொப்பி தன் அறையிலும் தொப்பியோடுதான் இருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆதாரம் மாறிடுச்சும்மா. வரலாறு உங்க வீட்டு வாசல்லதான் நிக்கணும்னா எப்படி?”

“வரலாறு வேண்டாம் சார். நீங்க நின்னா போதும். ரெண்டு நிமிஷம்.”

“நின்னு என்னத்தச் சொல்றது?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். எங்கப்பா கையாட்டுவார். பதிலுக்கு ஆட்டிட்டுப் போயிடுங்க.”

ஆதாரமில்லாத ஜன்னலுக்குக் கையாட்ட விதிமுறையில் இடமில்லை என்று அவர் வருத்தத்தோடு விளக்கினார். குழு அறிக்கை அச்சாகிவிட்டது. பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தார். அவளுடைய பதினொரு கடிதங்களும் அதில் தேதி வாரியாக இருந்தன.

“இதெல்லாம் நீங்க எழுதினதுதானே? நடை ரொம்ப நல்லா இருக்கு,” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மாடியில் நான்கு ஆய்வு மாணவர்கள் குடியிருந்தார்கள். நால்வரின் ஆய்வேடும் அவள் மேசையில் கிடந்தது. அன்று மாலை மாடிப்படியில் நின்று, மூன்றாவது அத்தியாயம் கைக்கு வர வேண்டுமானால் புதன்கிழமை நான்கு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்று அறிவித்தாள். ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டும் வர வேண்டும்.

“அக்கா, நாங்க இந்த வீட்லதானே இருக்கோம்? எங்களுக்கே சுத்திக் காட்டப் போறீங்களா?” என்றான் மூத்தவன்.

“ஆமா. ஷூ போட்டுட்டு வா. லுங்கியோட வந்து நிக்காதே.”

புதன்கிழமை காலை அப்பாவிடம், இன்றைக்கு வருகிறார்களாம் என்று மட்டும் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, சவரக் கத்தி எங்கே என்று கேட்டார்.

நான்கு மணிக்குப் பன்னிரண்டு பேர் வாசலில் நின்றார்கள். மாடிப் பையன்கள் தங்கள் வீட்டையே முதல் தடவை பார்ப்பதுபோல வாயைப் பிளந்து நின்றார்கள். ஒருவன் கொஞ்சம் அதிகமாகவே பிளந்தான். டைப்பிஸ்ட் அக்கா படியிறங்கி அவர்கள் முன்னால் வந்து நின்றாள். தெருவில் நின்று அவள் சத்தமாகப் பேசியதே இல்லை. கடைசியில், இருபத்தாறு வருடமாக விரலில் ஊறிக் கிடந்த வாக்கியம் வாய்க்கு வந்தது. இந்த ஜன்னல் பல முக்கிய நிகழ்வுகளைக் கண்டிருக்கும் எனக் கருத இடமுண்டு. அவ்வளவுதான். அதற்குமேல் வரவில்லை.

அப்பா கையாட்டினார். பன்னிரண்டு பேரும் கையாட்டினார்கள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து அவளைக் கூப்பிட்டார்.

“நல்லாப் பேசறீங்க. எந்தத் துறைம்மா நீங்க?”

மாடிப் பையன்கள் தரையைப் பார்த்தார்கள்.

“வரலாறு, சார்,” என்றாள் மகள்.

“நல்ல துறை. உங்க பேப்பர் கட்டுக்கெல்லாம் நான்தான் சீல் வெச்சேன்.”

அன்று இரவு அவர் தானே பிசைந்து சாப்பிட்டார். அவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

அடுத்த வாரம் அவள் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் அந்தக் குறிப்பில் அறிஞருக்கு ஒரு மனைவி வந்தாள். அகராதியில் பாதி அவள் தொகுத்தது எனக் கருத இடமுண்டு. வாசல் நிலையிலிருந்த விரிசல், ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் அறிஞர் தலையை முட்டிக்கொண்டதால் வந்ததாக இருக்கலாம். பொய் என்று எதையும் சொல்லிவிட முடியாது. இடமுண்டு என்றுதான் சொன்னாள், உண்டு என்று சொல்லவில்லை. முந்நூறு பேர் பட்டம் வாங்கியதும் இதே வழியில்தான்.

தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். ஜெராக்ஸ் கடை வாசலில் நின்ற தொப்பியின் கூட்டத்திலிருந்து இரண்டு பேர், பிறகு ஐந்து பேர் நழுவி வந்தார்கள். இங்கே கதை இருந்தது. அங்கே அறிக்கைதான் இருந்தது. ஒருநாள் தொப்பியே வந்து ஓரமாக நின்று கேட்டுவிட்டு, விரிசல் பற்றிய தகவலை எங்கே எடுத்தீர்கள் என்று விசாரித்தார். வாய்மொழி வழக்காறு என்றாள். அவர் குறித்துக்கொண்டார். அன்று அவளுக்கு ஒரு தலை உயரம் கூடியிருந்தது. மறுநாளே கடைக்குப் போய், நீண்ட நேரம் நிற்பதற்கென்று ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள்.

ஒரே ஓர் இடைஞ்சல். அவள் சரியான இடத்தை நெருங்கும்போது அப்பா கையாட்டுவார். எல்லோர் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். ஒரு புதன் காலை அவருக்குத் தலை சீவிவிடும்போது, “அப்பா, நான் முடிச்சப்புறம் கையாட்டுங்க. நடுவுல வேண்டாம்,” என்றாள். அவர் சரியென்று தலையசைத்தார். அன்றைக்கு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை காத்திருந்தார். அவள் முடித்ததும் கூட்டம் கைதட்டியதில், அவர் ஆட்டியதை யாரும் பார்க்கவில்லை.

மழைக்காலத்தில் அவருக்குக் கால் வீங்கியது. டாக்டர் கட்டிலைவிட்டு இறக்க வேண்டாம் என்றார். கட்டில் பின்னறையில் இருந்தது. அங்கே தெருச்சத்தம் வராது. அடுத்த புதன்கிழமை அவர் சவரக் கத்தி கேட்கவில்லை. யார் வருகிறார்கள் என்றும் கேட்கவில்லை. மத்தியானம் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

மூன்றே முக்காலுக்கு மூத்த பையன் மாடியிலிருந்து இறங்கி வந்து பின்னறையை எட்டிப் பார்த்தான்.

“அக்கா, அப்பா தூங்கறாரே. இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிடட்டுமா?”

அவள் முன்னறைக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தூறலில் முப்பது பேருக்கு மேல் குடையோடு நின்றார்கள். இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்கள். சாரல் உள்ளே வராமல் ஜன்னல் கதவைச் சாத்தினாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்று அவள் ஐம்பது நிமிடம் பேசினாள். அதுவரை பேசியதில் அதுதான் அதிகம்.